கடற்கரை விடுமுறைக்கு எந்த அறை எடுப்பது? மலையகத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் குடும்பத்தில் யார் கடலுக்குக் கிளம்பினாலும் அறை பேசுவது என் வேலை. யாரும் நியமிக்கவில்லை. ஒருமுறை திருகோணமலையில் நல்ல அறை பிடித்துக் கொடுத்தேன், அதோடு மாட்டிக்கொண்டேன். ஹட்டனில் இருந்து சித்தப்பா, பண்டாரவளையில் இருந்து மச்சான், தலவாக்கலையில் கூடப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் என்று பாடசாலை விடுமுறை நெருங்க நெருங்க போன் வரும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அவையேதான். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

எந்த மாதத்தில் எந்தக் கடலுக்குப் போகலாம்?

அறையைப் பற்றிப் பேசும் முன் இதை முடிவு செய்யுங்கள். கடல் கொந்தளிக்கும் மாதத்தில் எவ்வளவு நல்ல அறை எடுத்தாலும் ஜன்னலுக்குள் உட்கார்ந்து மழையைத்தான் பார்க்க வேண்டும். மழை பார்க்க நுவரெலியாவை விட்டு இறங்க வேண்டியதில்லை.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் நீர்கொழும்பு, பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ எல்லாமே அலை பெருத்துக் கலங்கிக் கிடக்கும். அதே நேரம் திருகோணமலை, பாசிக்குடா பக்கம் வெயிலும் அமைதியான கடலும். அறுகம்பையிலும் வெயில்தான், ஆனால் அங்கே அலை உண்டு. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வந்தால் கதை தலைகீழ். கிழக்கில் மழை, தெற்கிலும் மேற்கிலும் நல்ல கடல்.

மலையகத்து ஆட்களுக்கு இதை நினைவில் வைக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலை அடங்கிய திம்புள்ள பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை தரமான பருவம். அதே மாதங்களில் தென்மேற்குக் கடலும் அமைதி. பதுளை, பண்டாரவளை அடங்கிய ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை. அதே மாதங்களில் கிழக்குக் கடலும் அமைதி. இது தற்செயல் இல்லை. தென்மேற்கில் இருந்து வரும் ஈரக்காற்று ஹட்டன், மஸ்கெலியா மலைகளில் மோதி மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி அந்தப் பக்கம் காய்ந்த சூட்டுக் காற்றாக இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு அந்த மணத்தைக் கொடுப்பது அந்தக் காற்று. மட்டக்களப்பு மக்கள் கச்சான் காற்று என்று சொல்வதும் அதைத்தான். (கொறிக்கிற கச்சான் வேறு, அது பையில் இருக்கட்டும்.)

ஆக, உங்கள் வீட்டுக் கூரையில் மழை விடாமல் அடித்தால் மலைக்கு மறுபக்கக் கடலுக்குப் போங்கள். ஹட்டன்காரருக்கு ஆகஸ்ட் விடுமுறை என்றால் கிழக்கு. பதுளைக்காரருக்கு டிசம்பர் விடுமுறை என்றால் தெற்கு. ஏப்ரலில் இரண்டு பக்கமும் பெரும்பாலும் பரவாயில்லை. சித்திரைப் புத்தாண்டு வாரம் கொழும்புக்காரர்கள் எல்லாம் நுவரெலியாவுக்கு ஏறிக்கொண்டிருப்பார்கள், நாம் இறங்கிக்கொண்டிருப்போம். அக்டோபர், நவம்பரை நான் யாருக்கும் சொல்வதில்லை. பின்னேரம் ஆனால் எங்கும் இடி மழை, வங்காள விரிகுடாவில் புயல் உருவாகும் காலம் வேறு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலை சரிந்ததை நம் ஊரில் யாரும் மறக்கவில்லை. எந்த மாதமானாலும் புறப்படும் முதல்நாள் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எந்தப் பாதையில் போவது? போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கும் அறைக்கும் என்ன தொடர்பு?

நிறையத் தொடர்பு இருக்கிறது. முதலில் பாதை. பண்டாரவளை, எல்ல பக்கத்தில் இருந்து வெல்லவாய இறங்கி, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவில் போனால் அறுகம்பை. நுவரெலியா, பதுளையில் இருந்து பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கி, வடக்கே திரும்பினால் பாசிக்குடா. கண்டிப் பக்கம் உள்ளவர்களுக்குத் தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலை. ஹட்டனில் இருந்து தெற்குக் கடலுக்கு என்றால் கித்துல்கலை, அவிசாவளை இறங்கி, அதிவேகப் பாதையைப் பிடித்து விடலாம்.

நம் ஆட்கள் விடியற்காலை 3 மணிக்கு வேன் ஏறி, 9, 10 மணிக்கெல்லாம் ஹோட்டல் வாசலில் நிற்பார்கள். ஹோட்டலில் அறை கொடுப்பது பெரும்பாலும் பகல் 2 மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில், வளைவுப் பாதையில் வாந்தி எடுத்துக் களைத்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு வரவேற்பறை சோபாவில் தூங்க வேண்டியதுதான். அதனால் அறை பேசும்போதே கேளுங்கள்: "நாங்கள் காலையில் வந்துவிடுவோம், முந்தி அறை கிடைக்குமா? இல்லாவிட்டால் பை வைக்கவும் உடை மாற்றவும் ஒரு இடம் தருவீர்களா?" பெரும்பாலான இடங்களில் முதல்நாள் இரவு ஆள் இல்லாத அறை இருந்தால் தந்துவிடுவார்கள். கேட்காதவர்களுக்குத் தர மாட்டார்கள்.

ஏசி உண்மையிலேயே தேவையா? நமக்குத்தான் குளிர் பழக்கமாயிற்றே.

குளிர் பழகியதால்தான் தேவை. நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 டிகிரி. கடலோரத்தில் 27க்கு மேல், அதோடு காற்றில் ஈரம். முதல் இரவில் நம் வீட்டு ஆட்களுக்குத் தூக்கம் வராது. என் மாமியார் பாசிக்குடாவில் நள்ளிரவில் எழுந்து குளித்தார், பிறகு இன்னொரு முறையும் குளித்தார்.

ஆனால் எல்லா அறைக்கும் ஏசி வேண்டும் என்பதில்லை. வயதானவர்கள், கைக்குழந்தை, பிரஷர் உள்ளவர்கள் தூங்கும் அறைக்கு எடுங்கள். இளவட்டங்களுக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் உள்ள ஃபேன் அறை போதும். இரண்டு பக்கமும் ஜன்னல் என்பதுதான் முக்கியம். ஒரே ஜன்னல் உள்ள ஃபேன் அறையில் ஃபேன் சூட்டைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருக்கும்.

சிறிய கெஸ்ட் ஹவுஸ்களில் ஒரே அறைக்கு ஏசி விலை, ஏசி இல்லாத விலை என்று இரண்டு இருக்கும். குறைந்த விலைக்கு எடுத்தால் ரிமோட்டைத் தர மாட்டார்கள். ஆகவே ஏசி அறை என்று பேசினால், அந்த விலைக்கு இரவு முழுக்கவா, குறிப்பிட்ட மணி நேரம் மட்டுமா என்றும் கேளுங்கள். உப்புக் காற்றில் ஏசி சீக்கிரம் துருப்பிடிக்கும். அறைக்குள் போனதும் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் குளிர் வராவிட்டால் பையைத் திறக்கும் முன்பே அறையை மாற்றக் கேளுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, அது ஏசிக்கும் சேர்த்தா, லைட்டுக்கு மட்டுமா என்பதும் ஒரு கேள்வி.

சுடுதண்ணீர் கேட்க மறக்காதீர்கள் என்று சொல்பவர்கள் உண்டு. கடலோரத்தில் அதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. கைக்குழந்தை இருந்தால் மட்டும் ஒரு கேத்தல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

ஒருமுறை தெற்கில் ஒரு இடத்தில் "கடல் தெரியும் அறை" என்று கூடுதலாகக் கொடுத்தோம். கடல் தெரிந்தது உண்மைதான். குளியலறை ஜன்னலில் கழுத்தை நீட்டினால், இரண்டு தென்னைக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், நீலமாக ஒரு கோடு. கேட்டதற்கு "தெரிகிறது தானே" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை, நான் கேட்ட கேள்விதான் பிழை.

"கடல் தெரியுமா?" என்று கேட்காதீர்கள். "கட்டிலில் உட்கார்ந்தால் தெரியுமா, பல்கனியில் நின்றால் தெரியுமா, பக்கவாட்டில் தெரியுமா?" என்று கேளுங்கள். கடலைப் பார்த்த அறை, கடல் ஓரமாகத் தெரியும் அறை, தோட்டம் பார்த்த அறை என்று மூன்று விலை இருக்கும். நடுவில் உள்ளதைத்தான் நான் எடுப்பதே இல்லை. ஒன்று முழுக்க எடுங்கள், அல்லது தோட்டம் பார்த்த அறையை எடுத்து மிச்சப் பணத்தில் நல்ல மீனாகச் சாப்பிடுங்கள். பகல் முழுவதும் மணலில் இருக்கும் குடும்பத்துக்கு அறை என்பது தூங்கத்தான். நடக்க முடியாத பெரியவர் ஒருவர் கூட வருகிறார், அவர் அறையிலேயே இருப்பார் என்றால் அவருக்குக் கொடுக்கலாம். தோட்டத்தில் 40 வருடம் கொழுந்து பறித்த என் பெரியம்மா பல்கனிக் கதிரையில் இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்தப் பணம் எனக்கு வலிக்கவில்லை.

திசையையும் பாருங்கள். கிழக்குக் கடலைப் பார்த்த அறையில் காலை 6 மணிக்கே சூரியன் முகத்தில் அடிக்கும். தடித்த திரைச்சீலை இல்லாவிட்டால் தூக்கம் அவ்வளவுதான். மேற்குக் கடலைப் பார்த்த அறையில் சூரியன் மறைவது அழகு, ஆனால் பின்னேர வெயிலில் சுவர் காய்ந்து இரவு 10 மணி வரை சூடு விடும்.

கீழ்த்தளமா, மாடியா? அம்மாவுக்கு முழங்கால் வலி, எங்களுக்கு சுனாமி பயம்.

முழங்கால் வலி என்றால் கீழ்த்தளம். லிஃப்ட் இருக்கிறது என்று சொன்னாலும் மின்வெட்டில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வாசலில் எத்தனை படி, மலசலகூடம் உட்காரும் கொமட்டா, குளியலறைத் தரை வழுக்குமா, பிடித்துக்கொள்ள ஏதும் உண்டா என்று படம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். கீழ்த்தளத்தில் மணலும் நுளம்பும் கூடுதலாக வரும், ஜன்னல் ஓரமாக ஆட்கள் நடப்பார்கள். அது பொறுத்துக்கொள்ளக்கூடியது.

சுனாமி பயம் நியாயம்தான். 2004 டிசம்பர் 26 அன்று கல்குடாவும் பாசிக்குடாவும் பட்டதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்றைய நிலநடுக்கம் சுமாத்திராவுக்கு அப்பால் நடந்தது. அலை நம் கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அன்று எச்சரிக்கத்தான் ஏற்பாடு இல்லை. மாடி அறை தேடுவதைவிட, போய் இறங்கியதும் எந்தப் பாதையில் உள்ளே மேட்டுக்கு ஓடுவது என்று பார்த்து வைப்பது பயனுள்ளது. கரையோரங்களில் வெளியேறும் வழியைக் காட்டும் பலகைகள் உண்டு. கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

சின்னப் பிள்ளைகளோடு போகிறோம். எந்தக் கரை நல்லது?

பாசிக்குடாவை முதலில் சொல்வேன். வளைகுடாவாக உள்வாங்கிய கரை, வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவு. தெற்கில் மாத்தறைக்குப் பக்கத்தில் பொல்ஹேனவில் பாறைத் திட்டு அலையை வெளியே நிறுத்திவிடும். யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குக் காரைநகர் கசூரினா கரையும் ஆழமில்லாதது. நிலாவெளி அழகு, அங்கிருந்து படகில் புறாத்தீவுக்குப் போய்ப் பவளப்பாறை பார்க்கலாம், ஆனால் கண்ணை எடுக்கக் கூடாது. அறுகம்பை அலைச்சறுக்கு ஆடுகிறவர்களின் இடம். நீந்தத் தெரியாத குடும்பம் அங்கே போனால் கரையில் நின்று கால் நனைக்கலாம், அவ்வளவுதான்.

நம்மில் பலர் நீர்வீழ்ச்சிக் குளத்திலும் மகாவலியிலும் குளித்துப் பழகியவர்கள். கடல் அப்படி இல்லை. கரைக்கு வந்து சேர்ந்த அலைத் தண்ணீர் ஏதாவது ஒரு ஒடுக்கமான வழியில் வேகமாகத் திரும்பிப் பாயும். அந்த இடத்தில் அலை உடையாது, பார்க்க மற்ற இடங்களைவிட அமைதியாக இருக்கும். "இங்கே அலை இல்லை, இங்கே குளிப்போம்" என்று இறங்குபவர்கள் அதில்தான் மாட்டுகிறார்கள். இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைக்க வேண்டாம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் கரைக்கு வரலாம். நீந்தத் தெரியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே வேண்டாம். அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119. போனில் பதிந்து வையுங்கள்.

அறையில் பார்க்க வேண்டியது: கதவைத் திறந்தால் நேரே கடற்கரை என்பது பெரியவர்களுக்கு ஆசை, மூன்று வயதுப் பிள்ளை உள்ள வீட்டுக்கு ஆபத்து. அந்தப் பிள்ளை நமக்கு முன் எழும்பிவிடும். உள்ளே இருந்து மேல் தாழ்ப்பாள் உண்டா என்று பாருங்கள். நீச்சல் குளத்துக்கு வேலி உண்டா, பல்கனிக் கம்பிகளுக்கு இடையில் தலை நுழையுமா என்பதும் அப்படித்தான்.

நாங்கள் 14 பேர். எத்தனை அறை?

வேனில் 14 பேர் நெருக்கி உட்காரலாம், அறையில் அது நடக்காது. "மெத்தை போட்டுக்கொள்கிறோம்" என்று மூன்று அறைக்கு 14 பேர் போய் நிற்பதை ஹோட்டல்காரர்கள் ஒவ்வொரு விடுமுறையிலும் பார்க்கிறார்கள். அங்கே போய் வாக்குவாதப்படுவதைவிட ஆள் எண்ணிக்கையை, பிள்ளைகளின் வயதோடு, முதலிலேயே சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாதி. எத்தனை வயது வரை என்பது இடத்துக்கு இடம் மாறும்.

டபுள் என்றால் ஒரு பெரிய கட்டில், ட்வின் என்றால் இரண்டு தனிக் கட்டில். இதைக் குழப்பி, மாமாவையும் மருமகனையும் ஒரே கட்டிலில் படுக்க வைத்த கதை எங்கள் வீட்டில் உண்டு. டிரிபிள் அறையில் மூன்றாவது கட்டில் பல இடங்களில் மடக்குக் கட்டில்தான். அது யாருக்கு என்பதை வேனிலேயே தீர்த்துவிடுங்கள்.

10 பேருக்கு மேல் என்றால் நான் ஹோட்டலை விட்டுவிட்டு முழு வீடாகத் தேடுவேன். சமையலறையோடு வாடகைக்கு விடும் வீடுகள் எல்லாக் கரையிலும் இருக்கின்றன. சோற்றுப் பானையும் அடுப்பும் கொண்டு போகும் நம் வழக்கத்துக்கு அதுதான் சரி. ஹோட்டல் அறைக்குள் சமைக்க விட மாட்டார்கள், விடவும் கூடாது. குடும்பத்தில் அரச ஊழியர் யாராவது இருந்தால் அவருடைய திணைக்களத்துக்குக் கடலோரத்தில் விடுமுறை பங்களா இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். விலை குறைவு, ஆனால் விடுமுறை நாட்களுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொரு ஆளை எல்லோரும் மறந்துவிடுகிறோம், அது டிரைவர். இரவு முழுக்க வேன் சீட்டில் தூங்கியவர் மறுநாள் நம்மை மலையேற்ற வேண்டும். அவருக்கு ஒரு கட்டிலும் சாப்பாடும் உண்டா என்று கேளுங்கள். பல ஹோட்டல்களில் டிரைவர்களுக்கென்று தனி அறை வைத்திருக்கிறார்கள்.

சொன்ன விலை ஒன்று, பில்லில் வந்த விலை ஒன்று. ஏன்?

"பிளஸ் பிளஸ்" என்று ஒரு சொல் காதில் விழுந்திருக்கும். சொன்ன விலைக்கு மேல் சேவைக் கட்டணமும் வரியும் சேரும் என்று அர்த்தம். சேவைக் கட்டணம் வழமையாக 10 வீதம். வற் வரி 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம். இந்த இரண்டையும் சேர்த்தாலே 20,000 ரூபாய் அறை 25,000ஐத் தாண்டிவிடும். வற் பதிவு இல்லாத சின்ன இடங்களில் அந்த வரி வராது. அதனால் எப்போதும் ஒரே கேள்வி: "எல்லாம் சேர்த்துக் கடைசியில் எவ்வளவு?" தெற்கில் என்றால் அதையே சிங்களத்தில் "ஒக்கொம எக்க கீயத?" பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

உள்ளூர் ஆட்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை என்பது இங்கே சாதாரணம். இணையத்தில் டாலரில் பார்த்த விலையைக் கண்டு பயப்படாதீர்கள். நேரே போன் எடுத்து உள்ளூர் விலை கேளுங்கள். அடையாள அட்டை கொண்டு போக வேண்டும். வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தக்காரர் கூட வந்தால் அவருக்கு எந்த விலை என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

சாப்பாட்டோடு எடுப்பதா, அறை மட்டுமா?

இரண்டு நாளுக்கு மேல் என்றால் காலைச் சாப்பாடு மட்டும் சேர்த்து எடுங்கள். மூன்று வேளையும் சேர்த்தால் மதியத்துக்குக் கடலை விட்டு ஓடி வர வேண்டும், வராவிட்டால் பணம் வீண். கிழக்கில் வெளியே சோறு, மீன் குழம்பு, இடியப்பம் நன்றாகவே கிடைக்கும். ஆனால் ஹோட்டல் ஊருக்கு வெளியே தனியாக இருந்தால் நிலைமை வேறு. அங்கே இரவுச் சாப்பாட்டையும் சேர்த்துவிடுங்கள். விரதக்காரர்கள், சைவக்காரர்கள் இருந்தால் முதல்நாளே சொல்லுங்கள். கடலோர ஹோட்டலில் "சைவம்" என்று கேட்டால் முட்டையோடு வரலாம், மாசிச் சம்பலோடும் வரலாம். மாசி போடாமல் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

ஆன்லைன் படத்தை நம்பலாமா?

படத்தில் அறை பெரிதாகத் தெரியும், அது கமராவின் வேலை. விருந்தினர்கள் போட்ட படங்களைப் பாருங்கள், அதிலும் கடைசி ஆறு மாதத்தில் போட்டதை. கருத்துகளில் "அருமை" என்பதைத் தாண்டிப் போய், குறை சொன்னவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வாசியுங்கள். "கோழி காலையில் கத்துகிறது" என்ற குறை நமக்குக் குறையில்லை. "படுக்கை ஈரவாடை", "தண்ணீர் உப்பு" என்று மூன்று பேர் சொன்னால் அது உண்மை.

கூகுள் மேப்பில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கடலுக்கும் ஹோட்டலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? சில இடங்களில் பிரதான வீதி. வெள்ளவத்தையில் இருந்து கல்கிசை வரை ரயில் பாதை கடலை ஒட்டியே போகிறது. அங்கே அறை எடுத்தால் அலைச் சத்தத்தோடு ரயில் சத்தமும் இலவசம். ஹட்டன் ஸ்டேஷன் பக்கத்தில் வளர்ந்த எனக்கு அது தாலாட்டு. எல்லோருக்கும் அப்படி இருக்காது. பக்கத்தில் பாட்டுப் போடும் பார் இருக்கிறதா என்றும் பாருங்கள், முக்கியமாக ஹிக்கடுவை, மிரிஸ்ஸ பக்கம்.

அட்வான்ஸ் எவ்வளவு அனுப்பலாம்?

முழுப் பணத்தையும் முன்னால் அனுப்ப வேண்டாம். ஒரு இரவுக் கட்டணம் போதும். அனுப்பும் முன், இணையத்தில் உள்ள ஹோட்டலின் நிலையான தொலைபேசிக்கு அழைத்து, அந்த வங்கிக் கணக்கு அவர்களுடையதுதானா என்று உறுதி செய்யுங்கள். முகநூலில் "இன்றே கடைசி, பாதி விலை" என்று வரும் விளம்பரத்தில் உள்ள கணக்குக்குப் பணம் போட்டுவிட்டு, போய் இறங்கினால் அப்படி ஒரு பதிவே இல்லை என்ற அனுபவம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு நடந்தது. மண்சரிவில் பாதை மூடினால் பணம் திரும்பி வருமா, திகதியை மாற்றித் தருவார்களா என்று மலையகத்தில் இருந்து போகிறவர்கள் கட்டாயம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலானவர்கள் திகதி மாற்றித் தருகிறார்கள்.

பெண்கள் மட்டும் நான்கு பேர் போகிறோம். என்ன பார்க்க வேண்டும்?

குடும்பங்கள் தங்கும் இடமா என்று பாருங்கள். உரிமையாளர் குடும்பத்தோடு அதே வளவில் இருக்கும் கெஸ்ட் ஹவுஸ் எனக்குப் பிடித்தது. இரவு ஒரு தேவை என்றால் கதவைத் தட்ட ஒரு அக்கா இருப்பார். நடுவில் உள்ள அறையைக் கேளுங்கள், கோடியில் உள்ளது வேண்டாம். ஜன்னல் தாழ்ப்பாள், பின்கதவு, பக்கத்து அறையோடு இணைக்கும் கதவு மூன்றையும் போனவுடன் இழுத்துப் பாருங்கள். கிழக்கில் மொழிப் பிரச்சினை இல்லை. நாம் வாயைத் திறந்ததும் "மலையகமா?" என்று கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு தேத்தூள் கொண்டு வந்தீர்களா என்று கேட்பார்கள். ஒரு பாக்கெட் கொண்டு போனால் நல்ல அறை கிடைக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் எனக்குக் கிடைத்திருக்கிறது.

அறைக்குள் போனதும் முதலில் எதைப் பார்ப்பது?

குழாயைத் திறந்து ஒரு துளி நாக்கில் வையுங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் சில இடங்களில் உவர்ப்பாக இருக்கும், குறிப்பாக வறண்ட மாதங்களில். குளிக்கலாம், சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறாகும். ஊற்றுத் தண்ணீரில் வளர்ந்த நமக்கு அது பெரிய அதிர்ச்சி. குடிக்கத் தண்ணீர் தனியாக எத்தனை போத்தல் தருகிறார்கள் என்று கேளுங்கள், குழந்தைக்குப் பால் கரைக்கவும் அதையே எடுங்கள்.

அடுத்தது நுளம்பு. ஜன்னலில் வலை கிழிந்திருக்கிறதா, கட்டிலுக்கு நுளம்பு வலை உண்டா? நம் ஊர்க் குளிரில் நுளம்பு குறைவு என்பதால் இதை நாம் நினைப்பதே இல்லை. டெங்கு கரையோரத்தில் சாதாரணம். அந்த நுளம்பு பகலிலும் கடிக்கும்.

அப்புறம் மெத்தையில் கையை அழுத்திப் பாருங்கள், ஈரம் தெரியும். வெளியே மணல் கழுவ ஒரு குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத இடத்தில் இரண்டாம் நாளே குளியலறை அடைத்துக்கொள்ளும், பில்லோடு ஒரு முறைப்பும் வரும்.

எத்தனை இரவு தங்குவது?

இரண்டு. ஒரு இரவு என்றால் போவதும் வருவதும்தான் மிச்சம். மூன்றாம் நாள் பெரியவர்கள் வீட்டுக் குளிரைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இரவு தங்க முடியாதவர்களுக்குச் சில ஹோட்டல்களில் பகல் மட்டும் தங்கும் ஏற்பாடு உண்டு. மதியச் சாப்பாடு, குளம், உடை மாற்ற ஒரு அறை. வெல்லவாய பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது சரிப்படும். ஹட்டன்காரருக்குச் சரிப்படாது.

திரும்பும் நாளில் அறையை எத்தனை மணிக்கு விட வேண்டும்?

பெரும்பாலும் 11 அல்லது 12 மணி. காலையில் கடைசியாக ஒருமுறை கடலில் இறங்கிவிட்டு, உப்போடும் மணலோடும் வேனில் ஏற முடியாது. ஆகவே ஒரு அறையை மட்டும் பின்னேரம் வரை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பாதிக் கட்டணம் கேட்டாலும் 14 பேர் குளிக்க அது பெறும். ஈரத்துணிக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பை. கம்பளி ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில் வைக்காமல் மேலே வையுங்கள், மலையேறும்போது இருட்டிவிடும், பிள்ளைகள் அரைக்காற்சட்டையோடு நடுங்குவார்கள். வாழைச்சேனையில் கருவாடு வாங்குவதாக இருந்தால் அறையை விட்ட பிறகு வாங்குங்கள். ஏசி அறையில் ஒரு இரவு வைத்துவிட்டு வந்த எங்களை அந்த ஹோட்டலில் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். டிரைவரும்தான்.